மேல் போர்ஷன்

மாடிக் கொடியில் எட்டு வெள்ளைச் சட்டைகள்,
ஆளுக்கு நான்கு.
ஞாயிறு ஆராதனைக்கென்று நான் வைத்திருப்பது ஒன்று,
அதற்கும் காலரில் மஞ்சள் ஏறிவிட்டது.

சட்டைப்பையில் குத்திய கறுப்பு அட்டைக்கு
மூப்பர் என்று அர்த்தமாம்.
மூப்பர் கொல்லபள்ளிக்குப் பத்தொன்பது, ராஜமுந்திரி.
மூப்பர் லிங்டோவுக்கு இருபது, ஷில்லாங்.
எங்கள் சபையில் கமிட்டிக்கு நிற்கவே
ஒரு கண்ணிலாவது புரை விழுந்திருக்க வேண்டும்.

"மார்மன் பையன்களுக்கா வீடு விட்டீரு?"
காணிக்கையை எண்ணிக்கொண்டே கேட்டார் பாஸ்டர் ஐயா.
பத்து மாத அட்வான்ஸ் தந்தார்கள், என்றேன்.
அதற்குமேல் அவர் வேதம் பேசவில்லை.

முதல் நாள் கிரேஸ்லின் டீ போட்டாள்.
குடிக்க மாட்டோம் என்றார்கள்.
காப்பி? அதுவும்.
வீடு தேடி வந்தவன் டீயை வேண்டாமென்றால்
பாளையங்கோட்டையில் அதற்கு வேறு அர்த்தம்.
மூன்று நாள் அவள் முகம் கொடுக்கவில்லை.
நாலாம் நாள் பதநீர்க்காரன் வந்தான்.
ஓலைப் பட்டையில் முகம் புதைத்து
மரத்திலேயே இவ்வளவு இனிப்பா என்றான் லிங்டோ.
கொல்லபள்ளி இரண்டு தரம் முகர்ந்தான்:
"புளிச்சதில்லையே அங்கிள்?"

இருநூறு வருஷமாய் வேதம் விளைகிற மண் இது.
"நாங்க ஏற்கெனவே கிறிஸ்டியன்" என்று ஒரு கதவு,
"நாங்க முருகன் கும்பிடுறவங்க" என்று எதிர்க் கதவு,
நாயை மட்டும் அனுப்பிப் பேசச் சொல்லும் ஒரு கேட்.
இரவு எட்டரைக்கு இரண்டு சைக்கிள் திரும்பும்.
பிறகு மாடியில்
குழாய், சோப்பு, துவைக்கும் சத்தம்.

ஐப்பசி மழை. கரண்ட் இல்லை.
படியில் உட்கார்ந்த கொல்லபள்ளி
உங்கள் வீட்டில் இறந்தவர்களின் பெயர் தெரியுமா என்றான்.
பெயர் இருந்தால் போதுமாம்.
எங்கோ ஓர் ஆலயத்தில் ஒருவன்
அவருக்குப் பதிலாக முழுகி எழுவானாம்.

எனக்கு ஒருவர் இருக்கிறார்.
சுவிசேஷமுத்து, அப்பாவைப் பெற்றவர்.
தேரிக்காட்டுச் சபை ரிஜிஸ்டரில்
அந்தப் பெயருக்குக் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு,
ஓரத்தில் உபதேசியாரின் ஒற்றைச் சொல்: கள்.
கல்லறைத் தோட்டத்தில் இடம் தரவில்லை.
உடைமரங்களுக்கு அப்பால் புதைத்தார்கள்.
தேரி நகர்ந்துகொண்டே இருக்கிற மண்,
இப்போது எந்த இடமென்று எவருக்கும் தெரியாது.

அவர் ஞானஸ்நானம் வாங்கினவர்தானே, என்றேன்.
அது செல்லாது என்று சொல்லக் கூசி
ஷூ நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினான்.
"கட்டாயமில்லை அங்கிள். அங்கே அவர்
ஏத்துக்கலாம். வேண்டாம்னும் சொல்லலாம்."

செத்த பிறகும் வேண்டாமெனலாமா!
ஐம்பத்தாறு வருஷப் பிரசங்கத்தில்
ஒருவரும் இதை எனக்குச் சொன்னதில்லை.
இருட்டில் சிரித்துவிட்டேன்.
அறுபது பனை ஏறி இறங்கிய தொண்டை
எங்கிருந்தோ கேட்டது:
"அங்க கள்ளு உண்டுமாலே?"
பையனும் சிரித்தான்,
எதற்கென்று தெரியாமல்.

கார்த்திகையில் அவனுக்குக் கோயம்புத்தூர் மாற்றல்.
கிரேஸ்லின் கருப்பட்டி கட்டிக் கொடுத்தாள்.
இப்போது கொடியில் நான்கு சட்டை பெரிய சைஸ்,
புதியவன் பெயர் இன்னும் வாயில் நுழையவில்லை.

நேற்று கரண்ட் பில் கட்டப் போனேன்.
வெள்ளை அட்டையைத் திருப்பிப் பார்த்து
கவுண்டர் பெண் கேட்டாள்:
"சுவிசேஷமுத்து யாரு சார்? பெயர் மாற்றமா?"
பென்சிலில், என் கையெழுத்துத்தான்.
கிழிக்க மனமில்லாமல்
யாரிடமும் கொடுக்கவும் மனமில்லாமல்
மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கிறுக்கியது.

பின்னால் வரிசை நெருக்கியது.
"அவர்ட்டதாம்மா கேக்கணும்" என்றேன்.